சகலனின் வத்தகைத் தோட்டம்

என் சகலனுடைய தோட்டத்தில் எத்தனை வத்தகைக் காய் கிடந்தது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் சுபஹ் தொழுதுவிட்டு என் காணிக்குப் போகிற சாக்கில் வேலியோரம் நின்று எண்ணுவேன். தர்ப்பூசணிப் பிஞ்சு முட்டையளவில் இருந்தால் சேர்ப்பதில்லை. தேங்காயளவுக்கு வந்தால்தான் எண்ணிக்கையில் ஏற்றுவேன். நேற்றையதைவிட நாலைந்து கூடியிருந்தால் அன்று காலைப் பாண் தொண்டைக்குள் இறங்காது. மனைவி சம்பல் உறைப்போ என்று கேட்பாள். ஓம், உறைப்பு என்பேன்.

சகலன் என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் மாமாவுக்கு ஆண்பிள்ளைகள் இல்லை. கற்பிட்டிப் பக்கத்தில், ஆலங்குடாவுக்குப் போகும் வழியில் இருந்த காணியை இரண்டாகப் பிரித்து மூத்த மகளுக்கு ஒரு பாதி, இளைய மகளுக்கு ஒரு பாதி என்று சீதனம் எழுதினார். மூத்தவளைக் கட்டிய எனக்கு ரோட்டுப் பக்கம் வந்தது. கிணறும் அதில்தான், காற்றை மறிக்கும் தென்னைகளும் அதில்தான். அவனுக்குக் கிடைத்தது கடல் பக்கத்து மேட்டு மணல். ராவணன் மீசைப் புல்லைத் தவிர அங்கே எதுவும் முளைத்து நான் கண்டதில்லை. பிரிவினை அன்று நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பதற்கு எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அவன் மன்னார்க்காரன். யுத்தத்தில், தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது தாயோடும் ஒரு துணிப்பையோடும் வந்து முகாமில் வளர்ந்தவன். கலியாணப் பேச்சு வந்தபோது, "ஊர்ப்பிள்ளைய அகதிக்கா குடுக்கப் போறீங்க" என்று மாமாவிடம் கேட்டேன். அவன் முன்விறாந்தையில் கதிரையில் இருக்கிறான் என்று தெரிந்தேதான் கேட்டேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தான். கலியாணமும் நடந்தது.

யுத்தம் முடிந்து சில வருசங்களில் ஆலங்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. கடலில் பட்டம் கட்டிக்கொண்டு பாய்கிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். வெயிலில் பாய்ந்துவிட்டு வருகிறவனுக்கு வத்தகைப் பழம் வேண்டும். என் சகலன் அதைச் சரியாகக் கணக்குப் போட்டான். மேட்டு மணலுக்குள் மக்கிய சாணத்தை வண்டி வண்டியாக இறக்கினான், குழாய்க் கிணறு அடித்தான், சொட்டு நீர்க் குழாய் இழுத்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாக நட மாட்டான். ஹோட்டலுக்குத் தொடர்ந்து பழம் போக வேண்டுமென்று பாத்தி பாத்தியாக, நாள் விட்டு நடுவான். ஹோட்டல் வாகனங்கள் ரோட்டோரத்திலிருந்த என் காணியைக் கடந்து, மணலில் சில்லுப் புதையப் புதைய அவனிடம் போகும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் என்று டீக்கடையில் சொன்னேன். சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவனைப் பார்த்துத்தான் நானும் வத்தகை நட்டேன். இதை நான் அப்போது ஒத்துக்கொண்டதில்லை.

முதல் போகத்தில் ஒரு கொடி வாடியது. வாடுவதிலும் ஒரு தினுசு இருந்தது. நடுப்பகலில் கொடியின் ஒரு பக்கம் மட்டும் துவண்டு தொங்கும், மறுபக்கம் ஒன்றும் நடவாதது போல நிற்கும். பின்னேரம் துவண்டதும் எழும்பிவிடும். மூன்று நாள் இப்படிப் போக்குக் காட்டிவிட்டு நாலாம் நாள் எழும்பாது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பக்கத்துக் குழியிலும் தொடங்கியது. அடுத்த போகத்தில் அதே இடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குழி போனது. ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்னே போய் வாடிய கொடிகளைப் பிடுங்கி, கொஞ்சத்தை ஆட்டுக்குப் போட்டு, மிச்சத்தைக் கிடுகு வேலிக்குப் பின்னால் எறிந்துவிடுவேன். கேட்கிறவர்களிடம் ஆடு பாய்ந்துவிட்டது என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். நான் மறைத்தது ஒரு தோட்டத்தையே. ஊரில் யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை.

அந்த வருசம் மாமா வீட்டில் ஒரு விருந்து. சாப்பாடு முடிந்ததும் சகலன் தன் தோட்டத்துப் பழம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். மாமா கத்தியை வைத்ததும் அது தானாகவே வெடித்தது. உள்ளே நல்ல சிவப்பு.

"இந்த மணல்ல முள்ளுச் செடியும் வராதெண்டு சொன்ன ஆக்கள் ஈக்கிறாங்க" என்று மாமா ஒரு துண்டை எடுத்து என் கையில்தான் முதலில் தந்தார். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கொட்டைகளைத் துப்புவதில் கவனமாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் மாஷா அல்லாஹ் சென்னாங்க. நீங்க மட்டும் வாய் தொறக்கல்ல."

"வாய்க்குள்ள பழம் ஈந்திச்சி."

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. தங்கச்சிட தோட்டத்துக்கு ஒண்டு நடந்தா நான் ஒங்களத்தான் கேப்பன்."

நாலு நாள் கழித்து அது நடந்தது. வேலியோரத்துப் புதுப் பாத்தியில், அவன் நட்டுக் கொஞ்ச நாளேயான இளங்கொடிகள் ஆறு, வரிசையாகத் துவண்டு கிடந்தன. முதலில் எனக்குச் சந்தோசம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல நாக்கு எழும்பி, அதைக் கடித்துக்கொண்டேன். பிறகு நான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன். அந்த வரிசைக்கு நேரே நின்றுதான் நான் தினமும் எண்ணுவது. மனைவி சொன்னது சரிதான், என் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். பொறாமைப்படுவதற்கு எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பழி வருமென்றால் பயம்.

பள்ளிவாசலில் ஒரு பயானில் கேட்டது ஞாபகம் வந்தது. ஒருவருடைய கண் இன்னொருவர் மேல் பட்டுவிட்டால், பட்ட கண்ணுக்குரியவர் தொழுகைக்குக் கழுவுவதுபோல வுழுச் செய்து, அந்தத் தண்ணீரைப் பாதிக்கப்பட்டவர் மேல் ஊற்ற வேண்டும் என்று மௌலவி சொல்லியிருந்தார். அது மனிதருக்குச் சொன்னது. செடிக்கும் பொருந்துமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், யாருடைய செடிக்கு என்று திருப்பிக் கேட்பார்களே.

சகலன் புத்தளத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் அதைச் செய்தேன். அன்று காலை முழுவதும் என் தோட்டத்தில் வாடிய கொடிகளைப் பிடுங்கியிருந்தேன். அந்தக் கையோடும் காலோடும் கிணற்றடிக்கு வந்தேன். ஒரு பேசினை வைத்து அதற்கு மேல் வுழுச் செய்தேன். முகம் கழுவினேன், முழங்கை வரை கழுவினேன், நகத்துக்குள் அப்பியிருந்த அழுக்கையும் எடுத்தேன். கடைசியில் கால். குதிகால் வெடிப்புகளுக்குள் இருந்த மணலை விரலால் நோண்டி நோண்டிக் கழுவினேன். பொறாமை அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேனோ என்னவோ. பேசினின் அடியில் ஒரு பிடி மணல் தங்கியது. அதையும் விடவில்லை. எல்லாவற்றையும் வாளியில் கவிழ்த்து, பேசினை அலசி, அலசிய தண்ணீரையும் சேர்த்தேன். வேலியைத் தாண்டிப் போய் ஆறு குழிக்கும் பங்கு வைத்து வேரடியில் ஊற்றினேன். எந்தக் குழிக்கும் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு கொடியும் நிமிர்ந்து நின்றன.

அந்த வரிசைக் குழாயை எலி கடித்திருந்ததையும், அவன் புத்தளத்திலிருந்து வந்த அன்றே அதைச் சரி செய்ததையும் நான் அறியவில்லை. என் தண்ணீர்தான் வேலை செய்தது என்று நம்பினேன். அப்படியானால் என் கண்ணும் உண்மை. ஒரு கிழமை குனிந்த தலையோடு நடந்தேன், எண்ணுவதையும் விட்டேன். பிறர் பிள்ளைகளைக்கூட நேரே பார்க்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஊரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கண் வாய்க்கும்.

ஒரு மாதம் போனது. ஆறு கொடியிலும் பிஞ்சு இறங்கி, தேங்காயளவுக்கு வந்துகொண்டிருந்தது. நான் மறுபடியும் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒரு நடுப்பகலில் பார்த்தபோது முதலாவது கொடியின் ஒரு பக்கம் மட்டும் துவண்டிருந்தது. மறுபக்கம் ஒன்றும் நடவாதது போல நின்றது.

என்னைப் போல அதை அடையாளம் தெரிந்தவன் அந்த ஊரில் யாரும் இல்லை. இரண்டு போகம் அதோடு குடித்தனம் நடத்தியவன் நான். பின்னேரம் அது எழும்பும், நாலாம் நாள் எழும்பாது என்று எனக்குத் தெரியும். சகலன் தண்ணீர் போதவில்லை என்று குழாயைக் கூடுதலாகத் திறந்துவிட்டான். நான் செய்த அதே பிழை. பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாளைக்குள் ஆறு கொடியிலும் தொடங்கிவிட்டது. அந்த ஆறைத் தவிர வேறொன்றிலும் இல்லை.

ஆனால் அவன் என்னைப் போல இல்லை. மறைக்கவில்லை. விவசாயப் போதனாசிரியைக்கு உடனே போன் போட்டான். அந்தப் பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, பாத்திக்குள் கால் வைக்கும் முன்பே, "இதுக்குள்ள கண்டபடி நடக்காதீங்க" என்றார். நான் வேலியோரம் நின்றேன். சகலன் அண்ணன் முறை வைத்து என்னையும் கூப்பிட்டான். "நானா, வாங்க, நீங்களும் பாருங்க. ஒங்கட பக்கம் வந்தா ஒதவும்."

அவர் ஒரு கொடியை அடியோடு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் கேட்டார். வெட்டிய தண்டின் முனையைத் தண்ணீரில் தொடும்படி பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் கிளாசையே பார்த்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"பற்றீரியா எண்டா பால் மாதிரி நூல் நூலா இறங்கும். இதில ஒண்டும் இறங்கயில்ல." பிறகு தண்டை நீளவாக்கில் பிளந்து காட்டினார். பச்சைத் தண்டுக்குள் கபில நிறத்தில் கோடு ஓடியது. "தண்ணி போற குழாய இது அடைச்சிட்டுது. எவ்வளவு ஊத்தினாலும் மேல ஏறாது. இது மண்ணில இருக்கிற பங்கசு, பூஞ்சணம். வாடல் நோய்."

என் கண் ஒன்றுமே செய்யவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருசம் வயிறு எரிந்து, ஒரு இலையைக்கூட என்னால் வாட வைக்க முடியவில்லை. ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏமாற்றமாக இருந்தது.

"மருந்தடிச்சா போகாதா மிஸ்?" என்றான் சகலன்.

"வேருக்குள்ள போன பிறகு மருந்து சரிவராது. மண்ணிலயும் வருசக்கணக்கா கிடக்கும். இந்த ஆறையும் வேரோட, சுத்தியிருக்கிற மணலோட தோண்டிச் சாக்கில போட்டுக் கட்டுங்க. இழுத்துக்கொண்டு போகாதீங்க, தூக்குங்க. எரிக்கோணும். ஆட்டுக்குப் போட்டா எருவோட திரும்பி வரும். இந்த இடத்தில இனி வத்தகை வேணாம், வெள்ளரியும் வேணாம். நல்ல வெயில் நேரத்தில தண்ணி விட்டு, மேல கண்ணாடிப் பொலித்தீன் விரிச்சு மூடி, ஒரு மாசத்துக்கு மேல விட்டா மண் வெந்து குறையும். அடுத்த முறை சுரை வேரில ஒட்டின வத்தகைக் கண்டு வாங்கி வையுங்க." மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும் என்றார். பிறகு ஆறு குழியையும் திரும்பிப் பார்த்தார். "இது தானா நடந்து வாறதில்ல. எங்கயோ இருந்து மண்ணோடயோ தண்ணியோடயோ வந்திருக்கு. மற்ற வரிசைக்கு இல்லாம இந்த ஆறு குழிக்கு மட்டும் நீங்க எதையாவது போட்டீங்களா?"

"இல்லயே மிஸ்."

"கிட்டத்தில வேற தோட்டத்தில இருக்கா?"

"பக்கத்துல நானாட தோட்டம்தான். அங்க இப்பிடி ஒண்டும் இல்ல" என்று அவன் எனக்காகப் பதில் சொன்னான்.

பேசினும், அடியில் தங்கிய அந்த ஒரு பிடி மணலும் என் கண் முன்னால் வந்தன. நான் கிளாசிலிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு சகலன் கொஞ்சம் தெளிந்துவிட்டான். ஆறு குழிதானே, மிச்சம் தப்பிவிட்டது என்றான். மறுநாள் காலை கை உழவு இயந்திரம் வருவதாக ஏற்கெனவே பேசியிருந்தோம். ரோட்டோரம் என்பதால் முதலில் என் காணியில் கொடி செத்து வெறுமையான பக்கத்தை உழும். பிறகு அதே சில்லோடும் அதே கலப்பையோடும் அவனுடைய பக்கத்துக்குப் போகும். அங்கே கால்வாசி நிலத்தை அடுத்த நடுகைக்காக வெறுமையாக வைத்திருந்தான். ஹோட்டல்களுக்கு அடுத்த பருவம் முழுவதும் பழம் தருவதாக அந்த நிலத்தை நம்பித்தான் வாக்குக் கொடுத்திருந்தான். நான் வாயை மூடிக்கொண்டால் போதும். என் கண்ணால் செய்ய முடியாததை அந்த இயந்திரம் ஒரு காலையில் செய்து முடித்துவிடும். யாரும் என்னைக் கேட்கவும் மாட்டார்கள்.

இதைக் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, லுஹர் தொழுதேன். தொழுகைக்கு வுழுச் செய்யக் காலில் தண்ணீரை ஊற்றியபோது கை நின்றுவிட்டது. அஸருக்கும் அப்படியே. அதற்கு மேல் தாங்காமல் எழும்பி அவனிடம் போனேன்.

அவன் சாக்குகளுக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தான். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். என் தோட்டத்தில் இரண்டு போகமாக அது இருப்பதை, பிடுங்கி ஒளித்ததை, அவனைப் பார்த்து வயிறு எரிந்ததை, கண் பட்டதென்று பயந்ததை, பேசினை, வாளியை. எதையும் விடவில்லை. மிஸ் கேட்டபோது அவன் எனக்காகச் சொன்ன பதிலில் நான் நின்று குளிர் காய்ந்ததையும் சொன்னேன்.

அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

"நீங்க தண்ணி ஊத்தினத அவ கண்டவ" என்றான். என் மனைவியின் தங்கையைச் சொல்கிறான். "நான் இல்லாத நேரம் செடி வாடுதெண்டு மச்சான் தூக்கிக்கொண்டு வந்து ஊத்தினார் எண்டு எனக்குச் சொன்னவ. நான் அத எத்தின பேரிட்ட சொன்னன் தெரியுமா."

குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். நீண்ட நேரம் கழுவினான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அகதி எண்டு சொல்லேக்குள்ள எனக்குக் கேக்கத்தானே சொன்னீங்க. அதுக்கு ஒங்களுக்கு வெக்கம் இருக்கயில்ல. இத மட்டும் ஏன் ஒளிச்சீங்க நானா?"

அவன் ஏசினால் திருப்பி ஏசுவதற்கு வழி நெடுக வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் ஏசவில்லை. போனை எடுத்து உழவுக்காரனைக் கூப்பிட்டு, நாளைக்கு வேண்டாம், இரண்டு காணிக்கும் வேண்டாம் என்றான். பிறகு மிச்சமிருந்த சாக்குகளைத் தோளில் போட்டான்.

"வாங்க. ஒங்கட பக்கம் எவ்வளவு எண்டு பாப்பம். தனிய இழுத்து எறிஞ்சிருப்பீங்க, வழி முழுக்க விழுந்திருக்கும்."

வேலிக்கு இந்தப் பக்கம் அவன் வந்தது அன்றுதான் முதல் தடவை. அதுவரை நான் அவனை உள்ளே விட்டதில்லை. செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு, வாடிய ஒவ்வொரு குழியாகக் குனிந்து, வேரைச் சுற்றிக் கையால் தோண்டி, மணல் சிந்தாமல் தூக்கிச் சாக்கில் இறக்கினான். வாடாத கொடியைக் கண்டால், இது தப்பும், இதுக்குக் கிட்டப் போகாதீங்க என்றான். தன் தோட்டத்தில் எப்படிக் குனிந்தானோ அப்படியேதான் என் தோட்டத்திலும் குனிந்தான். சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அவன் கிணறு அடித்தபோது எரிந்திருக்கிறேன். ஹோட்டல் வாகனம் அவன் வாசலுக்குப் போனபோதும் எரிந்திருக்கிறேன். அதெல்லாம் பழத்துக்கும் காணிக்கும் பட்ட பொறாமை. இப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்காமல் அவனுக்கு வாய்த்ததே என்று, அந்தப் பின்னேரம் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது எரிந்ததைப் போல என் வயிறு ஒருநாளும் எரிந்ததில்லை.